செத்தல் மூட்டையும் நெல்லு மீற்றரும்: புது அறிவு பட்டறைக்குள் வருகிற வழி

யாழ்ப்பாணத்தில் மிளகாய்த்தூள் செய்கிற சில இடங்களில், செத்தல் மிளகாய் மூட்டை இறங்குகிற மேசையில் ஓர் ஈரமானி இருக்கும். எடுத்துப் பார்த்தால் அது நெல்லுக்கானது. 14 சதவீத ஈரத்துக்கு மேல் போன நெல்லை வாங்கமாட்டார்கள் என்பதால் இந்த மீற்றர் நெல் விளைகிற ஊர்களில் லேசாகக் கிடைக்கும். செத்தலையும் அதற்குள் போட்டு அழுத்தி, வருகிற எண்ணைக் கொப்பியில் எழுதி வைப்பார்கள். இந்த வகை மீற்றர் தண்ணீரை நேரே அளப்பதில்லை. தானியத்தின் மின் தன்மையைப் பார்த்து, உள்ளே பதிந்திருக்கும் அட்டவணையைக் கொண்டு அதை ஈரமாக மாற்றிச் சொல்கிறது. அட்டவணை நெல்லுக்கு எழுதியது. உள்ளே வெறுமையாக, தோலும் விதையுமாக இருக்கிற செத்தலுக்கு அது சொல்வது ஏதோ ஓர் எண். ஆனாலும் எண் வந்துவிட்டது, கொப்பி நிரம்பிவிட்டது, எல்லாருக்கும் மனம் ஆறிவிட்டது.

இதை முதலில் பிடிப்பவர் மேலாளராக இருப்பது அரிது. மூட்டை இறக்க வந்த, கிளிநொச்சிப் பக்கம் வயல் உள்ள வீட்டுப் பெடியனாக இருப்பான். "அண்ணை, இது நெல்லு மீற்றர் எல்லோ? செத்தலுக்கு இதின்ர கணக்குச் சரிவராது." அதற்கு என்ன மறுமொழி கிடைக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். "நீ மூட்டையை இறக்கு" என்றால் அவன் இனி வாய் திறக்கமாட்டான். "உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று நக்கலில்லாமல் கேட்டால், சில மீற்றர்களில் உழுந்து, சோளம் என்று பயிரை மாற்றுகிற பொத்தான் உண்டு, இதில் மிளகாய் இல்லை என்பதுவரை சொல்லுவான். அந்த ஒரு கேள்விக்குக் காசு செலவில்லை.

வெளியே இருக்கிற அறிவை அடையாளம் கண்டு, உள்ளே எடுத்து, வேலையில் போடுகிற ஆற்றலை 'உள்வாங்கும் திறன்' என்று முகாமைத்துவம் படித்தவர்கள் சொல்வார்கள். 1990இல் வெஸ்லி கோஹன், டானியல் லெவின்தால் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையால் அந்தச் சொல் பரவியது. அவர்கள் சொன்னதன் சாரம், ஒரு விடயத்தை ஒட்டி முன்பே கொஞ்சம் தெரிந்தவருக்குத்தான் அதில் புதிதாக வருவது கண்ணில் படும் என்பது. 2002இல் ஷாக்கர் சஹ்ரா, ஜெரார்ட் ஜோர்ஜ் இருவரும் இதை நான்கு கட்டமாகப் பிரித்தார்கள்: பெறுதல், விளங்கிக்கொள்ளல், தன் வேலைக்கேற்ப மாற்றுதல், பயன்படுத்தல். முதல் இரண்டும் நடந்து பின் இரண்டும் நடக்காத இடங்களைக் கண்டுபிடிப்பது சுலபம். பயிற்சிச் சான்றிதழ் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும், பட்டறை நேற்றுப்போலவே ஓடும்.

கட்டுரை படிக்காமலே யாழ்ப்பாணத்துக்கு இது தெரியும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார்சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் சரியாக ஆவியாகாது, ஆகவே கொஞ்சம் பெற்றோலைக் கொடுத்து ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும், அடிக்கடி கழற்றித் துடைக்கவேண்டும். காபரேற்றரை முன்பே பத்துத்தரம் கழற்றிப் பூட்டிய கை இருந்தபடியால் அந்த யோசனை நிலைத்தது. அது இல்லாத ஊரில் அதே யோசனையைக் காதில் போட்டிருந்தால் எரிந்த எஞ்சின்தான் மிஞ்சியிருக்கும்.

ஆகவே ஒரு நிறுவனம் முதலில் செய்யவேண்டியது, தன்னிடம் ஏற்கெனவே என்ன தெரிந்திருக்கிறது என்று பார்ப்பது. ஆச்சரியமாக, அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. நெல்லிக்காய் இரசம் செய்கிற இடம் ஒன்று, புளிப்பை அளக்கிற பி.எச். மீற்றர் வாங்குகிறது என்று வையுங்கள். கண்ணாடிக் குமிழை வேலை முடியக் கழுவி, 'சுத்தமான தண்ணிதானே' என்று காய்ச்சி வடித்த நீருக்குள் விட்டுவைக்கிறார்கள். குமிழை வைக்கவேண்டியது பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலில். வடித்த நீரிலோ காய்ந்தோ கிடந்தால் மீற்றர் மந்தமாகி எண் ஓரிடத்தில் நிற்காமல் நகரும். பிறகு பி.எச். 4, 7 என்று முன்பே தெரிந்த தாங்கற் கரைசல்களில் வைத்துச் சரிபார்த்தாலும் பிடிக்காது. 'சைனா மீற்றர்' என்று திட்டிவிட்டு அலுமாரியில் போடுகிறார்கள். அதே கட்டடத்தில், லேபல் ஒட்டுகிற மேசையில், உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த பிள்ளை ஒருத்தி இருப்பாள். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவள் 'பக்கிங்'.

இதற்கு ஒரு தாள் போதும். வேலைக்கு இருக்கிற ஒவ்வொருவரிடமும் நான்கு விடயம் கேட்டு எழுதுங்கள்: பள்ளிக்கூடத்தில் என்ன பிரிவு, இதற்கு முன் எங்கே என்ன வேலை, வீட்டில் என்ன தொழில், எந்த மொழியில் வாசிக்கலாம். கடைசிக் கேள்வி முக்கியம். பெட்டியோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கும், கொழும்பிலிருந்து வரும் சில தாள்கள் சிங்களத்தில் இருக்கும். முப்பது பேர் உள்ள இடத்தில் இந்தத் தாள் அரை நாள் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் சரி.

புது அறிவு எந்தக் கதவால் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல ஏலாது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களம் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து போகிறார். இவை முன்கதவு. பின்கதவால் வருவது அதைவிடக் கூட. கடைக்குச் சாமான் போடுகிற வான் சாரதிக்கு எந்தக் கடையில் எந்தப் பக்கற் திரும்பி வருகிறது என்று தெரியும். கணக்குப் பிள்ளைக்கு எந்தக் கப்பற் செலவு ஏன் கூடியது என்று தெரியும். பொதி கட்டுகிற அக்காவின் சித்தி கனடாவில், ஸ்காபரோவில் இருப்பா. அங்கத்தைய கடையில் நிற்கிற மிளகாய்த்தூள் பக்கற்றைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவா. அந்தப் பக்கற்றின் பின்பக்கத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்து இருக்கும், கடுகு என்றால் தனியாகச் சொல்லியிருக்கும். கனடாவில் கடுகு ஒவ்வாமைப் பொருளாகக் காட்டியாகவேண்டிய ஒன்று. எங்கள் சரக்குத்தூளில் கடுகு போடாதவர்களும் அதே மில்லில் கடுகு அரைத்தால் யோசிக்கவேண்டும். அக்காவுக்கு இது 'சித்தி அனுப்பின படம்'. ஏற்றுமதித் தாள் பார்க்கிறவர் கண்ணில் பட்டால்தான் அது தகவல்.

2024 ஏப்ரலில் ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் சில இந்திய மசாலாத்தூள்களில், கிருமி கொல்ல அடிக்கிற வாயுவான எத்திலீன் ஒட்சைட்டு கண்டுபிடிக்கப்பட்ட செய்தியை எத்தனையோ பேர் கைபேசியில் தள்ளிவிட்டுப் போனார்கள். இலங்கையின் செத்தலில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருகிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிற கொள்வனவு ஆள் ஒருவர்தான், 'எங்கட மூட்டைக்கு என்ன புகை அடிச்சிருக்கிறாங்கள்?' என்று கேட்பார். செய்தி எல்லாருக்கும் ஒன்றுதான், கேள்வி அவருக்கு மட்டும் வரும்.

இந்தக் கேள்விகளைப் பிடித்துவைக்க ஒரு சீ.ஆர். கொப்பி வேண்டும். தராசுக்குப் பக்கத்தில், பேனையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு பதிவுக்கு மூன்று வரி: என்ன கண்டது, எங்கே அல்லது யார் சொன்னது, எங்கள் வேலையில் எதைத் தொடும். பெயர் எழுதுவது விருப்பம். வட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பார்கள். குழுவில் காலை வணக்கப் பூவுக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவில் குரல்செய்தி புதைந்துபோகும், மூன்று நாளில் யாராலும் தேடி எடுக்க ஏலாது. எழுதக் கூச்சப்படுகிறவர்கள் சொல்ல, ஒருவர் எழுதலாம். வெள்ளிக்கிழமை பின்னேரத் தேத்தண்ணியோடு 20 நிமிடம் கொப்பியைத் திறந்து, ஒவ்வொரு பதிவுக்கும் நேரே 'பார்ப்போம்', 'வேண்டாம்', 'யாரிடம் கேட்பது' என்று எழுதவேண்டும். 'வேண்டாம்' என்றால் ஏன் என்று அரை வரி. இந்த அரை வரியை விட்டுவிட்டால் இரண்டு மாதத்தில் கொப்பி வெறுமையாகிவிடும். மறுப்பை மனுசர் பொறுப்பார்கள், மௌனத்தைத்தான் பொறுக்கமாட்டார்கள்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தைத் தமிழாக்குவதோடு அது முடியாது, தாளில் உள்ளதைக் கை வேலையாக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்க்கு அஃபுலாரொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு மொத்தம் கிலோவுக்கு 10 மைக்கிரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. செத்தல் பொறுக்குகிற ஆளிடம் இப்படிச் சொன்னால் தலையாட்டுவார், அவ்வளவுதான். ஒரு தொன் மிளகாயில் 10 மில்லிகிராம் என்று மாற்றிச் சொல்லுங்கள். 500 மில்லிகிராம் பனடோல் குளிசை ஒன்றை ஐம்பதாக உடைத்து, அதில் ஒரு துண்டை ஒரு தொன்னுக்குள் போட்டதுபோல. அப்போது 'அவ்வளவு கொஞ்சமோ?' என்று நிமிர்வார்கள். அதற்குப் பிறகு, அந்த நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருக்காது, பூஞ்சணம் பிடித்த சில மிளகாய்க்குள் குவிந்து கிடக்கும் என்பதைக் காட்டவேண்டும். வெளியே சிவப்பாக, பளபளப்பாக இருக்கிற செத்தலைக் கிழித்தால் விதையோடு சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் இருக்கும். ஒருமுறை கண்டவர் பிறகு பாரத்திலும் நிறத்திலும் சந்தேகப்பட்டதை எல்லாம் கிழித்துப் பார்ப்பார். எல்லாப் பூஞ்சணமும் அஃபுலாரொக்சின் தருவதில்லை, கண்ணுக்குத் தெரியாமலும் அது இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், 'பொறுக்கியாச்சு, இனி ஆய்வு தேவையில்லை' என்ற புதுப் பிழை முளைக்கும்.

மாதிரி எடுக்கிற முறையும் இதனால் மாறும். மேல் மூட்டையில் ஒரு கைபிடி அள்ளி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் காசுதான் வீண். 25 மூட்டை வந்தால் குறைந்தது ஐந்தைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என்று எடுத்து, பாயில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை விடவேண்டும். மீண்டும் கலந்து மீண்டும் நான்காக்கி அளவைக் குறைத்துக்கொண்டு போகலாம். அஃபுலாரொக்சினுக்கு என்றால் பெரிய மாதிரியை முழுக்க அரைத்தபிறகே சிறிய பங்கை எடுக்கவேண்டும், அல்லாவிட்டால் கெட்ட மிளகாய் அந்தச் சிறிய பங்குக்குள் வருவதும் வராததும் குலுக்கல் சீட்டுத்தான்.

பரீட்சித்துப் பார்ப்பதில் பெரும்பாலும் அவசரம்தான் கெடுக்கும். முதலாளி கொழும்பில் ஒன்றைக் கண்டு வந்து திங்கட்கிழமையே 50 கிலோவில் போடச் சொல்லுவார். ஐந்து கிலோ போதும். அதிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும், பக்கத்தில் பழைய முறையில் இன்னொரு ஐந்து கிலோ இருக்கவேண்டும். இரண்டு தட்டிலும் அடையாளத் துண்டு, திகதி, வறுத்த ஆளின் பெயர்.

வறுவலை எடுத்துக்கொள்வோம். தாச்சிக்கு முன்னால் இருபது வருடம் நின்ற அன்ரி மல்லியை மணத்தாலும், அகப்பையில் கேட்கிற சத்தத்தாலும் இறக்குவா. புதிதாகத் தூரத்திலிருந்து சூடு பார்க்கிற அகச்சிவப்பு வெப்பமானி வருகிறது. பெடியன் அதைத் தாச்சி விளிம்பில் பிடித்து, 'அன்ரி, இன்னும் சூடாகேல்லை' என்கிறான். அன்ரிக்குக் கோபம். அன்ரிதான் சரி. பளபளக்கும் எவர்சில்வர் மேற்பரப்பு வெப்பக் கதிரை நன்றாக வெளிவிடாது, அதனால் இந்தக் கருவி அதில் உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். கறுத்த இரும்புத் தாச்சியில் பிழை குறையும். சரியாகப் பிடிக்கவேண்டிய இடம் தாச்சியல்ல, கிளறி முடித்தவுடன் மல்லியின் மேற்பரப்பு. தூரமும் மாறக்கூடாது, தள்ளி நின்றால் கருவி பார்க்கிற வட்டம் பெருத்துத் தாச்சி விளிம்பையும் சேர்த்துவிடும்.

ஆகவே இங்கே செய்யவேண்டிய ஒழுங்கு இது: அன்ரி வழமைபோல் மணம் பார்த்து "இப்ப" என்று சொல்லட்டும், பெடியன் அந்தக் கணத்தில் எண்ணை எழுதட்டும். வேறு வேறு நாளில், ஈரக் காலநிலையிலும் வெயிலிலும், பத்துத் தாச்சிக்கு இப்படி எழுதினால் அன்ரியின் 'இப்ப' எந்த எல்லைக்குள் விழுகிறது என்று தெரியும். பிறகு அன்ரி லீவெடுத்த நாளிலும் வறுக்கலாம். கருவி அன்ரியைச் சோதிக்க வந்தது என்று ஆரம்பித்தால் அந்தப் பத்து எண்ணும் கிடைக்காது. அன்ரி வேண்டுமென்றே பிந்தி இறக்குவா, யாரும் குறை சொல்லவும் ஏலாது.

பழசை விடுவதுதான் இதெல்லாவற்றிலும் கஷ்டம். வறுத்த தூளில் சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமி வருவது பெரும்பாலும் வறுவலுக்குப் பிறகு. வறுத்ததை ஆறப்போடுகிற பாய்க்குப் பக்கத்தில் வறுக்காத மல்லி மூட்டையைத் தட்டினால் தூசி அதில் போய்ப் படியும், அதே சுளகை இரண்டுக்கும் எடுத்தாலும் கிருமி ஒட்டிக்கொள்ளும். இதைச் சொன்னால் ஏற்பார்கள். ஏற்க மாட்டாதது அடுத்தது: உலர் தூள் வேலை நடக்கிற இடத்தை ஈரத்துணியால் துடைக்கக்கூடாது, வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. இந்தக் கிருமி காய்ந்த தூளில் பெருகாமல் உயிரோடு கிடக்கும், காய்ந்த நிலையில் சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். தண்ணீர் பட்ட இடுக்கில் பெருகத் தொடங்கும். தூரிகை, சுரண்டி, உறிஞ்சும் இயந்திரம் இவற்றால் உலர்வாகத்தான் துப்புரவாக்கவேண்டும். தண்ணீர் கட்டாயம் என்றால் வேலையை நிறுத்தி, கழுவி, முற்றாகக் காயவிட்டுத்தான் மீண்டும் தொடங்கலாம்.

விடிய எழும்பி முற்றம் தெளிக்கிற ஊரில் 'தண்ணி விடாதேங்கோ' என்று அறிவித்தல் ஒட்டினால் என்ன நடக்கும்? மேற்பார்வையாளர் போனபின் வாளி வரும். வாளி வருவது பிடிவாதத்தால் அல்ல, தூசி மண்டிய நிலத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக அவர்களுக்கு மனம் வராது. இங்கே வேலை செய்கிற வழி, துப்புரவு செய்கிறவரையே தீர்மானத்துக்குள் கொண்டுவருவது. தூரிகை எவ்வளவு அகலம், எந்த மூலைக்கு எட்டவில்லை, உறிஞ்சுகிற இயந்திரத்தின் பை எத்தனை நாளில் நிரம்புகிறது என்று அவரிடம் கேட்டு வாங்குங்கள். வறுக்காத பக்கத்துக்கு நீலத் தூரிகை, வறுத்த பக்கத்துக்குச் சிவப்பு என்று நிறம் பிரிப்பதையும் அவரே தெரிவுசெய்யட்டும். வாளியையும் குழாயையும் அந்த அறையிலிருந்து வெளியே எடுத்துவிடவேண்டும். கைக்கு எட்டுகிற இடத்தில் பழைய கருவி இருக்கும்வரை அவசர நாளில் கை அதைத்தான் எடுக்கும்.

இன்னொரு இடைஞ்சல் சம்பளச் சிட்டையில் ஒளிந்திருக்கும். பொதி கட்டுகிறவர்களுக்குப் பக்கற் எண்ணிக்கைக்குக் கூலி என்றால், அரைத்த தூள் ஆறும்வரை பொறுக்கச் சொல்வது அவர்கள் காசைப் பிடுங்குவது. சூட்டோடு கட்டினால் பக்கற்றுக்குள் வியர்த்து, கட்டி பிடித்து, மாரிகாலத்தில் பூஞ்சணம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சூட்டோடு கட்டுகிறார்கள். இங்கே குறைவது அறிவல்ல. ஆறவிடுகிற நேரத்துக்கு நாட்கூலிக் கணக்கு வைத்தோ, முதல் நாள் அரைத்ததை அடுத்த நாள் கட்டுவது என்று ஒழுங்கை மாற்றியோ இழப்பை நிறுவனம் ஏற்கவேண்டும். கூலிமுறை, கொள்வனவுச் சிட்டை, வேலை ஒழுங்கு இந்த மூன்றில் ஒன்றாவது மாறாத 'புதுமுறை' எதுவும் ஆறு மாதம் தாண்டுவதில்லை.

பயிற்சிக்கு யாரை அனுப்புவது? முதலாளியின் மருமகனை அனுப்புகிற வழக்கம் உண்டு. அவர் கொழும்பில் மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டு, கோவையொன்றோடு திரும்புவார். தாச்சியடியில் நிற்கிற ஒருவரும், தாள் வேலை பார்க்கிற ஒருவரும் சேர்ந்து போகவேண்டும். ஒருவருக்குக் கேள்வி தெரியும், மற்றவருக்கு எழுத்துத் தெரியும். திரும்பி வந்த ஏழு நாளுக்குள் இருவரும் சேர்ந்து தளத்தில் நின்று செய்து காட்டவேண்டும். அதைப் பிந்தவிட்டால் கோவை மட்டும்தான் மிஞ்சும். யாழ்ப்பாணத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. படித்துத் தேறிய பிள்ளைக்கு விசா வந்துவிடும். போகவேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. போகுமுன் கைவேலை ஒவ்வொன்றையும் மூன்று நிமிடத்துக்குள் கைபேசியில் படம்பிடித்துக்கொள்ளலாம். முகம் வேண்டாம், கை மட்டும் தெரியட்டும், செய்யும்போது ஏன் என்று அவரே சொல்லிக்கொண்டு செய்யட்டும். போனபிறகும் அவர் அந்த ஊர்க் கடைத்தட்டைப் படமெடுத்து அனுப்புகிற உறவாக இருப்பார்.

சரி, நெல்லு மீற்றருக்கு வருவோம். செத்தலுக்குச் சரியான மீற்றர் வாங்குமுன் ஒரு மாதம் அடுப்பு முறையில் பழகலாம். சிறிதாக நறுக்கிய 10 கிராம் செத்தலை 105 பாகை செல்சியஸில் நிறை மாறாமல் நிற்கும்வரை காயவைத்து நிறுங்கள். 8.9 கிராம் நின்றால் 11 சதவீதம் போனது. மணத்துக்குரிய எண்ணெயும் கொஞ்சம் சேர்ந்து ஆவியாவதால் உண்மையான ஈரத்தைவிடச் சற்றுக் கூடத்தான் காட்டும். ஆனாலும் நேற்று வந்த மூட்டையையும் இன்று வந்ததையும் ஒப்பிடப் போதும். சமையலறைத் தராசு உதவாது. ஒரு கிராம் ஒரு கிராமாகக் காட்டுகிற தராசில் 10 கிராமுக்கு ஒரு கிராம் பிசகினால் அதுவே 10 சதவீதம். 0.01 கிராம் காட்டுகிற தராசு வேண்டும், காற்றாடியை நிறுத்தவேண்டும், மாதிரியை மூடி இறுகிய போத்தலில் வைக்கவேண்டும். மாரியில் திறந்து வைத்தால் நிறுக்குமுன்னே ஈரம் திரும்ப ஏறும். புது மீற்றர் வந்ததும் ஒரே மாதிரியை இரண்டாக்கி அடுப்பிலும் மீற்றரிலும் பத்துத்தரம் பார்த்து, வித்தியாசத்தை மீற்றரின் முதுகிலேயே ஒட்டிவிடலாம். அந்தத் துண்டை எழுதவேண்டியவன், 'இது நெல்லு மீற்றர்' என்று முதலில் சொன்ன பெடியன். பழைய மீற்றரை அவன் வீட்டு வயலுக்குக் கொடுத்துவிடுங்கள், அங்கே அது சரியாகத்தான் காட்டும்.